பொலொஞ்ஞெத்தா வயலில் ஒரு பெருவிரல்

மே மாதம் பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, இத்தாலியின் சிசிலித் தீவில் பலேர்மோவிலிருந்து அக்ரிஜெந்தோ போகும் வீதியில் பொலொஞ்ஞெத்தாவைத் தாண்டியதும் இடது பக்கம் வரும் கலோஜெரோவின் கோதுமை வயலில், நூற்றெண்பது மீற்றர் நீளமும் நூற்றுப்பத்து மீற்றர் அகலமும் கொண்ட ஒரு பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. முதல் நாள் மாலை அது அங்கே இல்லை. கலோஜெரோ முதலில் காட்டுப்பன்றிகளைத்தான் சந்தேகித்தார். பன்றி இவ்வளவு ஒழுங்காக வளைந்து வளைந்து ஓடாது என்று தெரிந்ததும் ஆலங்கட்டி மழை என்றார். ஆலங்கட்டி வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டு இந்தப் பக்கம் விழாமல் நின்றுவிடுமா என்று பக்கத்து வயல்காரர் கேட்டதில் அதையும் கைவிட்டார். கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் ட்ரோனை மேலே விட்டுப் படம் பிடித்தபோதுதான், ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் சுழன்று நடுவில் ஒரு சுழியில் முடிவது தெரிந்தது. படுத்திருந்த கதிர்களில் ஒன்றுகூட முறிந்திருக்கவில்லை. வேருக்கு ஒரு சாண் மேலே மடங்கி, படுத்த வாக்கிலேயே முற்றிக்கொண்டிருந்தன.

அது பெருவிரல் என்று சொல்ல ஊருக்கு ஒன்பது நாள் பிடித்தது. அதுவரை ஆளுக்கொன்று சொன்னார்கள். கத்தானியாவிலிருந்து பறக்கும் தட்டு தேடுகிற மூன்று பேர் கருவிகளோடு வந்து மூன்று நாள் அளந்து, நடுவில் சரிவாக ஒரே வரிசையில் இருந்த மூன்று மொட்டைத் திட்டுகளும் வானத்திலிருந்து இறங்கிய ஏதோ வாகனத்தின் கால் பதிந்த இடம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். பலேர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மொரிஷியஸ் தமிழ்ப் பெண் மரி-கிளேர், இது அம்மன் போட்ட கோலம் என்றாள். புள்ளி இல்லாமல் ஏது கோலம் என்று அவளுடைய சொந்தக்காரர்களே மடக்கினார்கள். ஞாயிறுதோறும் மலையேறி நகரத்தின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவைக் கும்பிடும் மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கர்கள், புனிதைதான் வயலில் இறங்கியிருக்கிறாள் என்றார்கள். கோயில் மண்டபத்துச் சாவியை வைத்திருக்கும் அருளையா வயலைப் பார்க்கப் போக ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்தார். இரண்டு கூட்டமும் அதே பஸ்ஸில் போகும்போது சண்டை பிடித்து, வரும்போது சோற்றுப் பார்சலைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.

அந்த பஸ்ஸில் அகஸ்ரீனா போகவில்லை. வேறொருவருடைய அதிசயத்தைப் பார்க்கும் நிலையில் அவள் அப்போது இல்லை. மன்னார் பேசாலையில் பிறந்து, இருபத்தேழு வருடமாகப் பலேர்மோ வீடுகளில் துப்புரவு வேலை செய்பவள். வீட்டில் மூன்று பேர். கபோ சந்தையில் மீன் கடையில் நிற்கும் கணவன் கிறிகோரிக்கு அட்டை புதிதாகக் கிடைத்துவிட்டது. மகள் கிருசாந்தினி இங்கேயே பிறந்து பதினெட்டு வயதில் இத்தாலியக் குடியுரிமை எடுத்துவிட்டாள். அகஸ்ரீனாவின் பெர்மெஸ்ஸோதான், இந்த நாட்டில் இருக்கவும் வேலை செய்யவும் விடுகிற அந்த அட்டைதான், காலாவதியாகிக் கிடந்தது. புதுப்பிக்க வேண்டுமென்றால் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில், வெளிநாட்டவர்களுக்கான சாளரத்தில், கைரேகை வைக்க வேண்டும். பெப்ரவரியில் போனாள். பத்து விரலையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் அழுத்தினாள். மெஷினில் ஒன்றும் வரவில்லை. இருபத்தேழு வருடம் வரெக்கீனா என்கிற வெளுப்புத் தண்ணியில் ஊறிய விரல்கள் கழுவிய கோப்பை மாதிரி வழுவழுவென்று இருந்தன. அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் பேசினாள். ஏப்ரலில் மறுபடி வாருங்கள், மெஷின் ஒரு விரலை வாசித்தாலும் போதும் என்றாள்.

இந்த இடத்தில் அகஸ்ரீனா செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவளுடைய தொழிலில் இருக்கிற யாரும் சிரிக்க மாட்டார்கள். மெஷின் வாசிக்கவில்லை என்றால் கை ஊத்தையாக இருந்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். ஊத்தை என்றால் அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். ஏப்ரல் தவணைக்கு முந்திய மூன்று நாளும் காலையும் மாலையும் வரெக்கீனாவில் பஞ்சை நனைத்து விரல்களை உரசி உரசிக் கழுவினாள். மிச்சம் மீதி இருந்த கோடுகளும் அதோடு போயின. இந்த முறை மெஷின் அவளை ஒரு மனுசி என்றே எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியில் விரல் வைக்கவும் என்ற அறிவிப்பையே திருப்பித் திருப்பிக் காட்டியது. கடைசித் தவணை ஜூன் இருபத்துமூன்று. அன்றைக்கும் மெஷின் விரலை வாசிக்காவிட்டால் கோப்பு மேலிடத்துக்குப் போகும். அங்கே என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ, மகளை விட்டுவிட்டுப் போக வேண்டி வருமோ என்ற பயத்தில் அகஸ்ரீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில், லிப்டில், பூசையில், எங்கே இருந்தாலும் பெருவிரலால் மற்ற விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

வியாழக்கிழமைகளில் அவள் வேலை செய்வது, எல்லோரும் மரியாதையாகத் தொத்தோர் என்று கூப்பிடுகிற இன்சேராவின் வீட்டில். அவர் பொலிஸில் நாற்பது வருடம் கைரேகைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி, அகஸ்ரீனா வாய் நிறைய 'சிஞ்ஞோரா' என்று கூப்பிடுகிற எலெனோரா, கலோஜெரோவின் தங்கை. வயலைச் சேதமாக்கியவர் யாரென்று தெரியாது என்று கலோஜெரோ முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததால் படத்தை மைத்துனரிடம் கொண்டுவந்தார். தொத்தோர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். வட்டமாவது மண்ணாவது, இது வலது கைப் பெருவிரல், என் தொழிலில் இதைவிடத் தெளிவான ரேகையை நான் கண்டதில்லை என்றார். அது இருபத்தெட்டாம் தேதி. படத்தைப் பெரிதாக்கி மேசை முழுவதும் விரித்துவிட்டு, தூசி தட்ட வந்த அகஸ்ரீனாவிடம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற பிறகு அந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்பவள் அவள் ஒருத்திதான். மூன்று மொட்டைத் திட்டுகளும் ஒரு காயத்தின் தழும்பு என்றார். கத்தி என்றால் ஒரு கோடு விழும், ரம்பம் என்றால் கிழிந்திருக்கும், மூன்று பல் வைத்து இப்படிக் கொத்துகிற ஆயுதம் என்னவென்றுதான் மூளையைக் குடைகிறது என்றார். ஆள் கிடைத்தால் ஆயுதமும் தெரிந்துவிடும், கலோஜெரோ சும்மா விடமாட்டார் என்றும் சொன்னார்.

அகஸ்ரீனாவின் கையில் துணி அப்படியே நின்றது. பேசாலைப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் ஒருத்தி விரலை ஒருத்தி பிடித்துச் சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணுவார்கள். அவளுக்கு ஒன்பது விரலில் சங்கு. வலது பெருவிரலில் மட்டும் சக்கரம். 'ஒற்றைச் சக்கரம்' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். பதினோரு வயதில் தேங்காய் துருவும்போது கை வழுக்கி அந்தச் சக்கரத்தின் நடுவிலேயே திருவலைப் பல் மூன்று ஏறியது. பலேர்மோவில் எத்தனையோ தமிழர் வீட்டில் திருவலை இருக்கிறது. பொலிஸின் புத்தகத்தில் இல்லை. சுழி, சுழிக்குக் கீழே மூன்று பல், இடது பக்கம் கோடு இரண்டாகப் பிரிகிற இடம், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தன்னிடமிருந்து தொலைந்துபோனது மேசையில் கிடந்தது. பார்த்ததும் வந்தது சந்தோசம்தான். அடுத்த மூச்சில் பயம் வந்து அதை மூடிவிட்டது. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டு, அடுப்பில் கோப்பி வைத்ததாகச் சொல்லி வெளியே போனாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டில் சொன்னாள். கிறிகோரி மகளின் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கல்யாணம் கட்டின நாளிலிருந்து பிடித்துவந்த கை அது. அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. "இஞ்சேர், வாயைத் திறவாதை" என்றான். "உன்ரை விரல் எண்டா, நீதான் செய்தது எண்டுதான் கேஸ் எழுதுவாங்கள். கேஸ் உள்ள ஆளுக்கு ஆர் பெர்மெஸ்ஸோ குடுப்பான்?" கிருசாந்தினி அதற்கு நேர்மாறாகச் சொன்னாள். அம்மாவுக்கு விரல் இல்லை என்றுதானே மெஷின் சொல்கிறது, இதோ விரல் இருக்கிறது, கலோஜெரோ அறுவடை செய்துவிட்டால் அதுவும் இல்லை என்றாள். இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்ததுதான் அகஸ்ரீனாவுக்கு வந்த கஷ்டம். சொன்னால் குற்றவாளி, சொல்லாவிட்டால் ஆளே இல்லை. அவள் பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். தண்ணி பட்டு பிளாஸ்டர் கழலும், புதிதாக ஒட்டுவாள். கேட்டவர்களிடம் வெங்காயம் வெட்டியபோது பட்டது என்றாள். இரண்டு வாரத்தில் மெலிந்து, ரவிக்கையைப் பிடித்துத் தைக்க வேண்டி வந்தது.

இதற்கிடையில் வயலில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. கோதுமை சில நாள்களில் காரணமில்லாமல் வெளுத்தது. பழுத்து வெளுப்பது வேறு. இது துணி சாயம் போவதுபோல. ஒரு மூலையில் ஒரு வரி, பிறகு அதன் பக்கத்தில் இன்னொரு வரி. கலோஜெரோ கணக்கான மனிதர். விதைத்த நாளிலிருந்து மழையளவு வரைக்கும் ஒரு கொப்பியில் குறிப்பவர், இதையும் நாளும் நேரமும் போட்டுக் குறித்துவந்தார். ஜூன் பதினொன்று, வியாழக்கிழமை, அந்தக் கொப்பியோடு தங்கை வீட்டுக்கு வந்து வரவேற்பறையில் உட்கார்ந்தார். இப்படியே போனால் ஜூன் முடிவதற்குள் வயல் முழுக்க வெள்ளையாகிவிடும், திங்கட்கிழமை மெஷினை இறக்கி அறுத்துவிடப் போகிறேன் என்றார். பிறகு தொத்தோருக்குக் கொப்பியை வாசித்துக் காட்டினார். திங்கள் காலை ஒன்பதரை. புதன் காலை பத்து. வெள்ளி பின்னேரம் மூன்று. மறுபடி திங்கள் ஒன்பதரை. நான்காம் தேதி வியாழன் பதினொன்று, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

சமையலறையில் கோப்பிக்கு நின்ற அகஸ்ரீனாவுக்கு ஒவ்வொரு நேரமும் கேட்டது. திங்கள் ஒன்பதரைக்கு அவள் ஒரு வக்கீல் வீட்டில் குளியலறை கழுவுகிறாள். புதன் பத்து மணிக்கு இரண்டு ஆசிரியைகள் வீட்டில். வெள்ளி மூன்று மணிக்கு ஒரு பல் வைத்தியரின் வீட்டில். நான்காம் தேதி வியாழன் பதினொன்றுக்கு இதே வீட்டில், சிஞ்ஞோரா மாடியின் கறுத்த ஓடுகளை வெளுக்கச் சொன்னதால் வரெக்கீனா கொஞ்சம் கூடுதலாக ஊற்றியிருந்தாள். தன் கை படுகிற பாடு அங்கே ஒருவருடைய பயிரில் தெரிகிறது என்று அவளுக்கு விளங்கியது. பயம் போகவில்லை. ஆனால் அதுவரை இல்லாத வெட்கம் ஒன்று பயத்தோடு சேர்ந்துகொண்டது, மற்றவர் வீட்டில் எதையாவது உடைத்துவிட்டு மறைத்து வைத்திருப்பவளின் வெட்கம். உடைத்ததை மறைத்தவள் என்று இருபத்தேழு வருடத்தில் அவளைப் பற்றி யாரும் சொன்னதில்லை. கோப்பித் தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். பிளாஸ்டரை உரித்தாள். பெருவிரலைப் படத்துக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தாள்.

"இது என்னுடையது" என்றாள். "மூன்று பல் வைத்தது தேங்காய் துருவுகிற திருவலை."

தொத்தோர் பூதக்கண்ணாடியை எடுத்தார். கோடு ஒன்றுகூட இல்லாத விரலில் மூன்று சின்னத் தழும்புகள் மட்டும் சரிவாக நின்றன. அவர் படத்தையும் விரலையும் மாறி மாறி அளந்தார். திருவலை என்றால் என்ன, எப்படி உட்கார்ந்து துருவுவது, பல் எத்தனை என்றெல்லாம் கேட்டு, அவள் காட்டிய விதத்தைத் தானும் நாற்காலியில் இருந்தபடி செய்து பார்த்தார். எலெனோரா அண்ணனைப் பார்த்து, மே பதினெட்டாம் தேதி எனக்குக் காய்ச்சல் என்று கேட்டு வந்த இவள் அன்றிரவு முழுக்க என் கட்டிலடியில்தான் இருந்தாள், வயலுக்கு எப்படிப் போவாள் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டார். கலோஜெரோ கொப்பியில் விரலை வைத்துக்கொண்டு அகஸ்ரீனாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புதன்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?"

குளியலறை கழுவினேன் என்றாள். எதனால் என்றார். வரெக்கீனாவால் என்றாள். அவர் தன் வேலையாளுக்குப் போன் எடுத்து வயல் ஓரத்தில் நிற்கச் சொன்னார். சமையலறையிலிருந்து போத்தலைக் கொண்டுவரச் செய்து, பெருவிரலில் ஒரே ஒரு துளி விடச் சொன்னார். அகஸ்ரீனா விட்டாள். போனில் வேலையாள், தெற்குப் பக்கம் ஒரு கதவு அளவு இடம் இப்போதுதான் வெளுத்தது என்று, பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னான். கலோஜெரோ எழுந்து போய் ஈரத் துணி கொண்டுவந்து அந்தத் துளியைத் தானே துடைத்தார். வழக்கு என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. முறைப்பாட்டைத் திரும்பப் பெறும் கடிதத்தைத் தொத்தோர் அங்கேயே எழுதினார்.

அறுவடை தள்ளிப்போனது. பன்னிரண்டு நாள் அகஸ்ரீனாவின் கை வரெக்கீனாவைத் தொடவில்லை. கலோஜெரோ அவள் வேலை செய்யும் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் எடுத்து, பயிர் முற்றுகிற நேரம், தயவுசெய்து அவளுக்கு மற்ற வேலை கொடுங்கள் என்று கேட்டார். வக்கீல் வீட்டில் காரணம் கேட்டு, சொன்னதும் சரி என்றார்கள். கிருசாந்தினி காலையும் மாலையும் அம்மாவின் பெருவிரலில் ஒலிவ் எண்ணெய் தடவினாள். வெளுத்த வரிகள் மெல்ல மெல்ல மஞ்சளாகி, ஜூன் இருபதில் வயல் ஒரே நிறமாக நின்றது. விரலில் மட்டும் கோடு திரும்பவில்லை. அதை நினைத்து அகஸ்ரீனா விடியும்வரை புரண்டாள். கிறிகோரியும் தூங்கவில்லை, தூங்குவதுபோலக் கிடந்தான்.

இருபத்துமூன்றாம் தேதி கண்ணாடியில் விரல் வைத்தாள். விரல் வைக்கவும் என்றது மெஷின். தொத்தோர் தன் பழைய தொப்பியைக் கையில் பிடித்தபடி, வயலின் படத்தைப் பெருவிரல் அளவுக்குச் சுருக்கி, வயலில் இருப்பது இவள் விரல்தான் என்று கலோஜெரோ எழுதிய கடிதத்தோடு நீட்டினார். உத்தியோகத்தர் இரண்டையும் வாசித்துவிட்டு, தனக்கு இதில் ஆட்சேபம் எதுவும் இல்லை, ஆனால் படத்தை ஏற்க விதியில் இடமில்லை, விரல் நேரில் வர வேண்டும் என்றாள். விரல் இருபத்தெட்டு கிலோமீற்றர் தள்ளி, மண்ணில் வேரோடு இருக்கிறது என்றார் தொத்தோர். உத்தியோகத்தர் உள்ளே போனாள். அந்த இருபது நிமிடமும் அகஸ்ரீனா மடியில் கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது இன்னொருத்தியின் கைபோல இருந்தது. திரும்பி வந்த உத்தியோகத்தர், மருத்துவமனையில் கிடப்பவர்களிடம் கொண்டுபோகிற சின்ன மெஷின் ஒன்று இருக்கிறது, விரல் வர முடியாவிட்டால் மெஷின் போகலாம், அதற்கு விதி உண்டு என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு பலகையை வைத்து அதன்மேல் மெஷினை வைத்தார்கள், சுழியின் நடுவில். உயரத்தில் தெரிந்த வட்டம் கீழே நின்றால் தெரியாது. படுத்த கதிரும் நின்ற கதிரும்தான். அகஸ்ரீனா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். தன் விரலுக்குள் தானே நடக்கிற மாதிரி அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்று மொட்டைத் திட்டில் முதலாவதை மிதிக்காமல் தாண்டினாள், அது இன்னும் வலிக்கும் என்பதுபோல. உத்தியோகத்தர் மெஷினின் கண்ணாடியைக் கவிழ்த்து மண்ணில் அழுத்தினாள். நான்கு வினாடி. திரையில், இருபத்தேழு வருடத்துக்கு முன் தலைமயிரை இறுக்கிப் பின்னி, கமராவைப் பார்க்கப் பயந்து, கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் படம் வந்தது. அதன் கீழே அகஸ்ரீனாவின் பெயரும் பேசாலை என்ற ஊரும் இருந்தன. "நீங்கள்தான்" என்றாள் உத்தியோகத்தர். வயல் ஓரத்தில் நின்ற கிறிகோரி, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதான்.

மறுநாள் அறுத்தார்கள். அன்று முழுக்க அகஸ்ரீனாவின் பெருவிரல் கூசியது. மாலையில் நகத்துக்கு அடியிலிருந்து ஒரு உமியை எடுத்துப்போட்டாள். அட்டை ஒகஸ்டில் வந்தது. அடுத்த வருடம் மே மாதம் ரேகை அதே இடத்தில் மறுபடி படுத்தது. பக்கத்து வயலில் மரி-கிளேரின் ஆள்காட்டி விரல் வந்தது. அது கோலம் இல்லை என்று அவள் அப்போதுதான் ஒத்துக்கொண்டாள். அதற்கடுத்த வருடம் வில்லாஃப்ராத்தி வரைக்கும் மேட்டுச் சரிவுகளில் பதினான்கு விரல்கள். எல்லாம் வீடு கழுவுகிற, பாத்திரம் தேய்க்கிற, ஹோட்டலில் துணி வெளுக்கிற பெண்களுடையவை. ஒன்று மட்டும் துறைமுகத்தில் தளம் கழுவுகிற றொஜருடையது. இப்போது ஜூன் மூன்றாவது வாரத்தில் இரண்டு நாள் மெஷின் அங்கே போகிறது. குடையும் தண்ணிப் போத்தலுமாகப் பெண்கள் இலக்கத் துண்டோடு வரப்பில் வரிசையில் நிற்கிறார்கள். கத்தானியாக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பலேர்மோவில் மழை வருமா என்று அகஸ்ரீனா பார்ப்பதில்லை. பொலொஞ்ஞெத்தாவில் வருமா என்று தினமும் காலையில் மகளின் போனில் பார்க்கிறாள். நெருப்புச் செய்தி கேட்டால் எந்த ஊர்ப் பக்கம் என்று கிருசாந்தினியைக் கேட்கிறாள். கலோஜெரோவுக்கும் அப்படித்தான். நவம்பரில் விதைக்கிற அன்று காலை, டிராக்டரை எடுப்பதற்கு முன், அவர் அவளுக்குப் போன் எடுப்பார். முதல் வருடம் அந்த அழைப்பு வந்தபோது அவள் வக்கீல் வீட்டில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரை இத்தாலிய வாக்கில் சொல்லி, சிஞ்ஞோரா அகோஸ்தீனா, கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். இருபத்தேழு வருடத்தில் இந்த நகரத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு, கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சுகமாக இருக்கிறது, நீங்கள் விதைக்கலாம் என்றாள்.